புகுந்தவர்

பத்திரிகைக்குத் தலைப்பு எழுதுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லை தாண்டிப் பிழைக்க வந்த சனங்களை, "வந்தவர்கள்னா சப்புன்னு இருக்கு" என்று "புகுந்தவர்கள்" ஆக்கிய மகராசன் அவன்தான். அந்தச் சொல் தெருவில் புழங்கி, மேடையில் முழங்கி, கடைசியில் அரசாங்கப் படிவத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது: வந்தவரா, புகுந்தவரா? புகுந்தவர் என்றால் முப்பது நாளில் வெளியேற வேண்டும்.

படிவம் வீடு வீடாக வந்த அன்று, அவன் வேலை முடிந்து வீடு திரும்பினான். எல்லைக்கு அப்பாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள், அவன் எழுதியதை ஒருநாளும் படிக்காதவள், சிரித்தபடி சொன்னாள்:

"படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்துட்டேங்க. எனக்குப் பொறந்த வீடு அங்க, புகுந்த வீடு இங்க. அப்ப நான் புகுந்தவதானே? அடித்தல் திருத்தல் இல்லாம டிக் போட்டுட்டேன்."