அக்கா வயலுக்குப் போன தண்ணீர்

சரிவான நிலத்தில் மேல்பாதி தம்பிக்கு, கீழ்பாதி அக்காவுக்கு. தண்ணீர் ஓடும் உழவுச் சால்கள் இரண்டுக்கும் பொது. மடையில் விடும் தண்ணீர் தம்பியின் மக்காச்சோளத்தைத் தாண்டித்தான் அக்காவின் பயிருக்குப் போகவேண்டும். போனால்தானே! பாதி வழியிலேயே மண் அதைக் குடித்துவிடும். இந்தப் போகமும் பொய்த்தால் அக்கா நிலத்தை விற்றுவிட்டு மகள் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். அங்கே மாப்பிள்ளை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

"கொஞ்ச நேரம் விடு, அப்புறம் அடைச்சுடு. மண்ணு படியட்டும். மறுபடி விட்டா சரசரன்னு கீழ வந்துடும்டா" என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள்.

"எத்தனை நாள் காத்துக் கிடந்து வந்த முறைத் தண்ணி! அதை அடைச்சு வெக்கச் சொல்றியே, உனக்கென்ன பைத்தியமா?"

கெட்டவன் இல்லை, பாவி. முந்தின நாள் அவள் குடத்தில் தண்ணீர் சுமந்து வாடிய பயிருக்கு ஊற்றியதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று எப்படியும் கடைசிவரை பாய்ச்சிவிடுவது என்று மடைப்பலகையை முழுசாகத் தூக்கிவிட்டான். தண்ணீர் பேயாகப் பாய்ந்தது.

"வருதுக்கா, வருது!" என்று வரப்பில் கத்திக்கொண்டே ஓடினான். சின்ன வயதில்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான்.

பாதி தூரத்தில்தான் தண்ணீரின் நிறம் கண்ணில் பட்டது. செக்கச்செவேலென்று இருந்தது. திரும்பிப் பார்த்தான். மேலே அவனுடைய சால்கள் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தன. மக்காச்சோளத்தின் வேர்கள் வெளியே தொங்கின. திரும்பி ஓடிப்போய் மடையை அடைத்துவிட்டுக் கீழே வந்தான்.

அரித்த மண்ணெல்லாம் சரிவு தணிந்த அக்கா வயலில் வந்து படிந்திருந்தது. இப்போதுதான் இலை விட்ட பயிர், ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அவள் குனிந்து விரலால் சேற்றைத் தோண்டி ஒரு நாற்றை நிமிர்த்தினாள். அது சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

"திட்டுக்கா. நாலு அறை வேணா விடு" என்றான் தம்பி.

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த ஃபோனை எடுத்து நீட்டினாள்.

"மாப்பிள்ளைகிட்ட நீயே கேளுடா, என்னை வீட்டுல சேர்த்துக்குவாரான்னு. எனக்கு வாய் வரல."