காலி

முப்பது வருஷமாக வடக்கே லேபர் கேம்ப்பில் குடியிருந்தும் பார்வதியம்மாளுக்கு இந்தி ஏறவில்லை. கடையோ ஆஸ்பத்திரியோ, அவளுக்காகப் பேசுவது புருஷன் நயினார்தான். அதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் கால்சியம் மாத்திரையைக் கொடுத்தபோது மருந்துக்கடை தப்ரேஸ், "காலி கானே கே பாத் லேனா, சாச்சா" என்றான். நயினார் வீட்டில் வந்து சொன்னார்: "காலி வயித்துல போடணுமாம். பொறவுதான் சாப்பாடு."

அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் கேஸ் மாத்திரையும் அந்தத் தடித்த வெள்ளை மாத்திரையும்தான் அவளுக்கு முதல் வேலை.

போன மாதம் குழாயடியில் வழுக்கி உட்கார்ந்தாள். பெரிதாக ஒன்றும் விழவில்லை; ஆனாலும் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே வைத்த ஸ்க்ரூ இப்போது கழன்று நின்றது. டாக்டர் வந்தனா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி நயினாரிடம் இந்தியில் கேட்டாள்.

"கால்சியம் எப்போ போடுவாங்க?"

"காலி வயித்துலதான் டாக்டரம்மா. ஒரு நா தப்பல."

வந்தனா எக்ஸ்ரேயைக் கீழே வைத்தாள். "அது சுண்ணாம்பு மாதிரி, அங்கிள். வயித்துல ஆசிட் இருந்தாத்தான் கரையும். சாப்பிட்டாத்தான் அது நல்லா சுரக்கும். கேஸ் மாத்திரை வேற அதைக் கம்மி பண்ணிடும். முக்கால்வாசி உடம்புல சேராமலே போயிருக்கும். சிட்ரேட்னு வேற ஒண்ணு எழுதறேன். அதை எப்ப வேணா போடலாம்."

"அதப் போட்டா நடந்துருவாளா?"

"எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்கல. திரும்பப் போட்டாலும் பிடிக்காது."

"மொதல்லேயே சரியாப் போட்டிருந்தா?"

"அதை இப்போ யாராலயும் சொல்ல முடியாது."

புது மாத்திரை வாங்கும்போது, அன்று சொன்ன 'காலி' என்னவென்று தப்ரேஸிடம் கேட்டார். "காலி மத்லப் சிர்ஃப், சாச்சா. கானே கே பாத் ஹீ" என்றான் அவன். காலி என்றால் இங்கே 'மட்டும்'; சாப்பிட்ட பிறகு மட்டும். நயினாருக்குத் தெரியாத சொல்லா? தினமும் டீக்கடையில் "காலி ஏக் கட்டிங்" என்று கேட்பவர் அவர். ஒரு அரை கிளாஸ் டீ மட்டும்.

வீட்டில் சோற்றைப் பிசைந்து கட்டிலருகே கொண்டுபோனார்.

"மொத சாப்புடுட்டி. பொறவு மாத்தர."

"காலி வயித்துலன்னு நீங்கதான சொன்னிய?"

"இது வேற."

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். "டாக்டரம்மா என்ன சொன்னா?"

நயினார் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். "நடந்துரலாமாம்."

அவள் மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள்.

"அப்ப அடுத்த மாசம் கொழாயடிக்கு நானே போயிருவேன். நீங்க டிரம்முல நெறைக்கிற தண்ணியில பாதி தரையிலதான் கெடக்கு" என்றாள்.