கேட்டு வாங்கின பனி

“அஞ்சுக்கு அஞ்சு!” என்று தோப்புக்குள் நுழையும்போதே கிருஷ்ணம்மா சொன்னாள். மருந்தடிக்கிற டிராக்டருக்குப் பின்னால் ஓஸ் குழாயைச் சுருள் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பங்காருபாளையத்து மாமரங்கள் பூ வைத்திருந்த நேரம். காலை மூட்டம் இன்னும் கிளைகளை விட்டு இறங்கவில்லை. இந்த மூட்டம் இப்படியே நின்றால் பூ கருகும். அதனால்தான் எல்லாருக்கும் ஒரு வாரமாகத் தொடர்ந்து வேலை இருந்தது.

“இன்னாது அஞ்சு?” என்றாள் ரத்தினம்மா.

“தீனா கீற மலைக்கு இன்னிக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்கிறாங்க. நேத்து வரைக்கும் மூணுதான். பனி அப்பிடிக் கொட்டிக்கினு கீது.”

“அப்ப உன் புள்ள பாஸுன்னு சொல்லு. ஜிலேபி வாங்கியாந்து குடு, நாங்களும் துன்றோம்.”

சிரித்தார்கள். கிருஷ்ணம்மாவும் சிரித்தாள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மகளிர் சங்கத்தில் உட்கார்ந்து தெலுங்கெழுத்தைக் கற்றுக்கொண்டவள் அவள். வீட்டில் பேச்செல்லாம் தமிழ், கண்ணுக்குத் தெரிந்த எழுத்து மட்டும் தெலுங்கு. ஒவ்வொரு எழுத்தாக உதட்டில் வைத்து உருட்டிப் பார்த்துத்தான் வாசிப்பாள். மகன் வேலை செய்கிற ஊரின் பனி நிலவரத்தை அப்படித்தான் தினமும் வாசித்தாள். ஆஸ்திரியா தேசத்தில் பனிமேல் சறுக்கி விளையாட வருகிறவர்கள் தங்குகிற ஊர் அது. மலையில் எவ்வளவு உயரம் பனி கிடக்கிறது, எந்தக் கம்பி வண்டி ஓடுகிறது, எது ஓடவில்லை என்றெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் நெட்டில் போட்டுவிடுவார்கள். அது தெலுங்கில் வருகிற மாதிரி தீனாதான் அவள் போனில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்ன முக்கோணமும் பக்கத்தில் மதிப்பெண்ணும் இருக்கும். ஐந்துக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று என்று பார்க்கும்போதெல்லாம், பாவம் இந்த மலை, இன்னும் கொஞ்சம் தேறலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

டிராக்டர் ஓட்டுகிற பிரபாகர்தான் போனை வாங்கிப் பார்த்தான். மருந்து மூக்கில் ஏறாமல் இருக்கக் கட்டியிருந்த துணியை முகத்திலிருந்து இறக்கினான்.

“அக்கா, இது மார்க்கு இல்ல.”

“பின்ன?”

“டேஞ்சரு. மலமேல ஏறிக்கினு கீற பனி பேந்துக்கினு கீழ வந்துடும்னு சொல்றாங்க. ஒண்ணுன்னா பயம் இல்ல. அஞ்சுக்கு மேல போடறதுக்கு அவங்ககிட்ட நம்பரே இல்ல அக்கா.”

ஓஸ் குழாய் கையில் இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள். ரத்தினம்மாதான் வந்து வாங்கிக்கொண்டாள்.

மகனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடியும் போட்டாள், அதே குரல். முந்தின நாள் சாயங்காலம் பேசினபோது, ரோட்டை அடைத்துவிட்டார்கள், கரண்ட் வருகிறது போகிறது, சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்திருந்தான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் தன் ஊரில் நடக்காததா என்று இருந்துவிட்டாள். அந்த ஊர்க்காரர்கள் மலையைப் பார்த்தமாதிரி ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை புதுப் படம் வரும். ஓட்டலின் பின்பக்கமும், அதை ஒட்டித் தீனாவும் மற்ற பிள்ளைகளும் தங்குகிற மரவீடும், அதற்கு மேலே எழும்புகிற மலையும் அதில் தெரியும். இன்றைக்கு அதைத் திறந்தால், அங்கே இன்னும் விடியாத நேரம், தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரே வெள்ளையாக இருந்தது. மலையும் இல்லை, ஓட்டலும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரை நெருங்கி நின்று பார்ப்பதுபோல இருந்தது.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அவளுக்கு மார்கழி மாதத்துப் பேச்சு ஒன்றுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. “ம்மா, மலையெல்லாம் காஞ்சிபோய்க் கெடக்குதும்மா. புல்லு தெரியுது. பனி இல்லன்னா இங்க ஒருத்தனும் வரமாட்டான். பசங்கள எல்லாம் ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்.” திருப்பதியில் ஓட்டல் படிப்பு படித்து, ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனவன் திரும்பி வந்து எந்த முகத்தோடு நிற்பான்? அன்றைக்கே அவள் கொல்லைப்புறம் போய், சப்தகிரி இருக்கும் திக்குக்குத் திரும்பி நின்று கேட்டாள். ஏழுமலையானே, என் புள்ள இருக்கற இடத்துல பனி கொட்டட்டும், என் தலைமுடியை உனக்கு வைக்கிறேன். அவ்வளவுதான் சொன்னாள். எவ்வளவு என்று சொல்லவில்லை. எப்போது நிறுத்தவேண்டும் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளிலேயே கொட்டத் தொடங்கியது. தீனா பனியில் குதித்துப் படம் எடுத்து அனுப்பினான். மருந்தடிக்கிற வேலை முடியட்டும், பிறகு போய்த் தலையைக் கொடுக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள். கேட்டதும் அவள், வாங்கிக்கொண்டதும் அவள். கொடுக்கவேண்டியதைத்தான் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கிறவன் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

அவள் புருசன் முனிகிருஷ்ணன் மண்டியில் மாங்காய்ப் பெட்டி ஏற்றி இறக்கி இடுப்பு போனவன். காய் இல்லாத மாதங்களில் வீட்டோடுதான் இருப்பான். அவள் சொன்னதையெல்லாம் குந்தியபடியே கேட்டான். பிறகு, “எங்க கெளம்பற?” என்றான்.

“மலைக்கு. முடிய குடுத்துட்டு வந்துடறேன்.”

“இப்பவா?”

“பின்ன எப்ப?”

“ஏமே, உனுக்குப் புத்தி கீதா? புள்ள சேதி தெரியல. இந்த நேரத்துல போய்த் தலைய வழிக்கிறேன்றியே, எந்த வூட்டுல இந்த நேரத்துல தலைய வழிப்பாங்கன்னு உனுக்குத் தெரியாதா? அவன் பேசட்டும். பேசிட்டான்னா நானே இட்டுக்கினு போறேன்.”

அவன் சொன்னது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. தோப்பிலிருந்து வரும்போதே தோன்றி, அதை மிதித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இந்த மலையில் விழுகிற மயிருக்கும் அந்த மலையில் விழுகிற பனிக்கும் என்ன சம்பந்தம் என்றுகூட நினைத்தாள். ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து உடம்பால் வேலை செய்தவளுக்கு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தெரியவில்லை. ஏதாவது தூக்கவேண்டும், இழுக்கவேண்டும், கொடுக்கவேண்டும்.

“நீ வராட்டிப் போ,” என்று அவள் படியிறங்கினாள். மெயின் ரோட்டில் சித்தூர் பஸ் வரும்போது திரும்பிப் பார்த்தால், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவன் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

சித்தூரில் பஸ் மாறினார்கள். அவள் போனை எடுப்பாள், வெள்ளையைப் பார்ப்பாள், மூடுவாள். அவன் ஜன்னலைப் பார்ப்பதுபோல இருந்துகொண்டு ஓரக்கண்ணால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காணிப்பாக்கம் திருப்பம் தாண்டும்போது, “அங்க இப்ப விடிஞ்சிருக்குமா?” என்று கேட்டான். “இப்பத்தான் விடியும்,” என்றாள். திருப்பதியில் இறங்கி மலை பஸ்ஸில் ஏறினார்கள். மலைப்பாதையில் வண்டி ஏறும்போது மற்றவர்கள் கோவிந்தா போட்டார்கள். வளைவுக்கு வளைவு போனில் சிக்னல் போவதும் வருவதுமாக இருந்தது. அது போகிற ஒவ்வொரு முறையும், அந்த நேரம் பார்த்துத்தான் தீனா கூப்பிடுகிறான் என்று நினைத்துப் போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

முடி காணிக்கை மண்டபத்தில் ஈரத் தரை, சந்தன வாசனை, பிள்ளைகளின் அழுகை. சீட்டு வாங்கிக்கொண்டு பெண்களுக்கு மழிக்கிற வரிசையில் உட்கார்ந்தாள். போனை முனிகிருஷ்ணனிடம் கொடுத்திருந்தாள். அவன் கொஞ்சம் தள்ளித் தூணோரமாக நின்று, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. மணி அடித்தால் பச்சையைத் தள்ளவேண்டும் என்பதும், விரலால் கீழே இழுத்தால் புதுப் படம் வரும் என்பதும் தெரியும்.

மழிக்கிற பெண் நகரிப்பக்கத்துத் தமிழ்க்காரி. மார்பில் குத்தியிருந்த அட்டையில் தேவசேனா என்று தெலுங்கில் இருந்தது. தண்ணீரை எடுத்துத் தலையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“மூணு கத்திரி நறுக்கினாப் போதுமா அக்கா, முழுசாவா?”

“முழுசா.”

“நல்லா அடர்த்தியாத்தான் வச்சிக்கினு கீற. இன்னா வேண்டுதலு?”

“பனி கொட்டணும்னு.”

கை நின்றது. “இன்னாது?”

“எம்புள்ள வெளிதேசத்துல கீறான். அங்க பனி கொட்டணும்னு வேண்டிக்கினேன்.”

“மழைக்கு வந்து குந்தியிருக்காங்க, மாட்டுக்கு வந்து குந்தியிருக்காங்க. பனிக்குன்னு வந்தது நீதான் அக்கா. கொட்டுச்சா?”

“கொட்டிக்கினே கீது.”

தேவசேனா சிரிக்கத் தொடங்கி, குனிந்திருந்த முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிளேடு நெற்றிக்கு மேலே தொட்டு உச்சியை நோக்கிப் போனது. ஈரமான முடி கற்றையாக மடியில் வந்து விழுந்தது. தலையின் வலதுபக்கம் சில்லென்று ஆனது.

“ஏமே! ஏமே!” முனிகிருஷ்ணன் ஈரத்தில் வழுக்காமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். “படம் வந்துடுச்சி. வெளுப்பு போயிடுச்சி பாரு. பனி நின்னுடுச்சி!”

தேவசேனா பிளேடைத் தூக்கிக்கொண்டாள். கிருஷ்ணம்மா கண்ணிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுப் போனை வாங்கினாள். வானம் நீலமாக இருந்தது. வெயில் விழுந்து மலை மின்னியது. ஓட்டலின் கூரை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளை வெளியில் ஆட்கள், ஆரஞ்சு நிறச் சட்டையில் ஒரே வரிசையாக, தோளுக்குத் தோள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் நீளமான மெல்லிய கோல் இருந்தது.

“பாரு, வேலைக்கு வந்துட்டானுங்க,” என்றான் முனிகிருஷ்ணன். அவன் முகத்தில் அத்தனை நேரம் இல்லாத ரத்தம் வந்திருந்தது. “நாத்து நடறாப்புல வரிசையா நிக்கிறானுங்க. அந்தக் கடேசில தோள எறக்கிக்கினு நிக்கிறான் பாரு, அதான் நம்ம பையன்.”

அவளுக்கும் முதலில் நடவுதான் தோன்றியது. பிறகு அவள் மரவீட்டைத் தேடினாள். ஓட்டலை ஒட்டி அது இருந்த இடத்தில் அது இல்லை, மலையிலிருந்து பேர்ந்த பனி ஒரே சரிவாக இறங்கி வந்து மூடியிருந்தது. அங்கங்கே முறிந்த மரத்தின் வேர் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவின்மேல்தான் அவர்கள் நின்றிருந்தார்கள். சில கோல்கள் உயரத்தில் இருந்தன. சில பாதிக்குமேல் உள்ளே போயிருந்தன. ஊர் ஏரியில் இறங்கிய ஒருவன் மேலே வராத அன்று, ஆண்கள் இப்படித்தான் வரிசை கட்டி, மூங்கிலை ஊன்றி ஊன்றி எடுத்து, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே அடி அடியாக நகர்ந்தார்கள். அன்றைக்கு அவள் கரையில் நின்று பார்த்திருக்கிறாள்.

“அவந்தானே?” என்றான் முனிகிருஷ்ணன்.

எல்லாருக்கும் ஒரே சட்டை. முகம் என்று இருந்தது கடுகைவிடச் சின்னது. கோல் பிடித்திருக்கிறவர்களில் ஒருவனா, அந்தக் கோலால் தேடப்படுகிறவர்களில் ஒருவனா?

“ஆமா,” என்றாள். “அவந்தான்.”

முனிகிருஷ்ணன் தூணோரம் போய் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போன் அவள் மடியிலேயே இருந்தது.

“அக்கா, எடுக்கட்டுமா வேணாமா?” தேவசேனா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “பாதில நிக்குது.”

“எடு.”

பிளேடு இடதுபக்கம் இறங்கியது. அவள் தலையைக் குனிந்தபடியே திரையை விரலால் இழுத்தாள். அதே படம். விழுகிற முடியை ஒதுக்கிவிட்டு மறுபடியும் இழுத்தாள். அதே வரிசை, அதே வெயில். பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. யாரோ அதற்குச் சந்தனம் பூசினார்கள். பின்கழுத்தில் பிளேடு சுரண்டிக்கொண்டிருக்கும்போது படம் மாறியது.

இப்போது வரிசை இல்லை. எல்லாரும் ஒரே இடத்தில் கூடி, முதுகு காட்டிக் குனிந்திருந்தார்கள். கோல்கள் பனியில் சிதறிக் கிடந்தன. ஒருவன் மட்டும் கூட்டத்துக்கு வெளியே, இந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். முழங்கை முகத்தை மறைத்திருந்தது. வெயிலுக்காக மறைத்தவனா, அழுகிறவனா தெரியவில்லை. தீனாதானா என்று பார்க்க அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கினாள். வழித்த தலையிலிருந்து இறங்கிய தண்ணீர் ஒரு சொட்டு, திரையில் அவன்மேல் விழுந்தது. துளிக்குள் அவன் பெரிதானான். பெரிதாகி, சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகளாய்ப் பிரிந்து நின்றான்.