குப்பைமேனி மாலை

பேனரில் தன் பெயருக்கு முன்னால் ‘மூலிகைச் செம்மல்’ என்று தானே போட்டுக்கொண்ட நீலமேகம் காலையிலிருந்தே வாசலைப் பார்த்தபடி நின்றார். புக்கிட் ரோத்தான் அம்மன் கோயிலின் மூலிகைத் தோட்டத்தைத் திறக்க, ஊரே மரியாதையாக ‘ஒய்.பி.’ என்றழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார். அவர் கைகாட்டும் ஆள்தான் கோயிலுக்குப் புதுத் தலைவர். அவரை அசத்துவதற்காகவே நீலமேகம் குப்பைமேனிச் செடிகளை வேரோடு பிடுங்கி மாலையாகக் கட்டியிருந்தார்.

ஒய்.பி. கழுத்தில் மாலை விழுந்ததும் எதிர் மீன்கடையிலிருந்து ஒரு பூனை வந்தது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து.

“வேரோடவா கட்டுனீங்க?” மனைவி ரஞ்சிதம் காதருகே சீறினாள். “அந்த வேரு வாசம் பட்டா பூனைக்குக் கிறுக்குப் புடிச்சிரும்லா!”

“வேருலதான்டி சத்தே இருக்கு” என்று நீலமேகம் முணுமுணுத்தார்.

பூனைகள் ஒய்.பி.யின் காலடியில் புரண்டன. ஒன்று வேட்டியைப் பற்றி ஏறி மாலையில் தொங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாத்தீங்களா! வாயில்லா ஜீவனுங்களுக்கே என்மேல எவ்வளவு பாசம்!” ஒய்.பி. மைக்கில் தழுதழுத்தார். நீலமேகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இது ஆத்தாவோட உத்தரவு,” ஒய்.பி. தொடர்ந்தார். “ இனிமே இந்தக் கோயிலுக்கு நானே தலைவர்!”

கூட்டம் கைதட்டியது. மூலிகைச் செம்மலும் தட்டினார்.