அழிந்துபோகும் வரி

டாக்டரிடம் காட்ட அம்மாவின் உடல்நிலையை எழுதிவைக்க, அண்ணனும் தங்கையும் போனில் ஒரே குறிப்பேட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். "அம்மா என்னை யாருன்னு கேட்டாங்க" என்று தங்கை எழுதிய வரி மறுபடியும் காணாமல் போனதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் பார்க்கக் கூடாதென்று அண்ணன் போனிலிருந்து அண்ணிதான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "நான் எழுதுனதுல கை வைக்க வேண்டாம்னு அண்ணிகிட்ட சொல்லு."

"யார் மாத்துனாங்கன்னு ஹிஸ்டரியில இருக்கும். பாத்துட்டுப் பேசு."

பார்த்தாள். ஒவ்வொரு திருத்தத்துக்கு நேரேயும் அம்மாவின் பெயர். பாட்டுக் கேட்க அண்ணன் வாங்கி, குடும்பக் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்துத் தந்த டேப்லெட்டில் குறிப்பேடும் திறக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவின் அறைக்குள் போனாள். டேப்லெட்டை மடியில் கவிழ்த்துவிட்டு அம்மா நிமிர்ந்தாள். வெகுநேரம் மகளின் முகத்தையே பார்த்தாள்.

"வாம்மா," என்றாள், பெயர் சொல்லாமல்.