நானூறில் நின்ற முள்

ஆய்வுக்கூடத்தில் அந்த மீனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வேளாவேளைக்குச் சாப்பாடு, இருட்டறை, சில்லென்ற தண்ணீர், கூப்பிடுவதற்கு முன்பே ஓடிவர ஆட்கள். செய்கிற வேலை ஒன்றுமில்லை. வேறென்ன பெயர் வைப்பார்கள்? நாலு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து, அங்கிருந்த அழுத்தம் குறையாமல் இரும்புத் தொட்டிக்குள் கொண்டுவந்த பிராணி அது. சாண் நீளம், செதிலே இல்லாத வெளிறிய உடம்பு.

அதைப் பார்த்துக்கொள்பவளைத் தொட்டிக்காரி என்பார்கள். வருகிறவர்கள் அத்தனை பேரும் அவளிடம் கேட்பது ஒன்றுதான்: நாம் தாங்குவதைப்போல நானூறு மடங்கு அழுத்தத்தில் இது எப்படி நசுங்காமல் இருக்கிறது? அலுத்துப்போனாலும் சொல்வாள். நசுங்குவது காற்றுதான். இதன் உடம்பில் காற்றுப்பை கிடையாது. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர், இரண்டும் ஒரே அழுத்தம். புரதம் உருக்குலையாமல் காக்க உடம்பில் ஒரு ரசாயனமும் உண்டு. அது இந்த ஆழத்துக்கென்றே அளந்து வைத்த அளவு. அழுத்தம் குறைந்தாலும் ஆபத்து, ரொம்பக் கூடினாலும் ஆபத்து.

கூடினால் என்ன ஆகும் என்பதை அவள் வாயால் சொல்வாளே தவிர, கண்ணால் கண்டதில்லை. குறைந்து செத்த மூன்றைத்தான் தன் கையால் எடுத்துப் போட்டிருக்கிறாள். மூன்றும் துவண்டுபோய் மிதந்தன. மூன்றாவது செத்தபோது அவள் சாப்பிடப் போயிருந்தாள். அன்றிலிருந்து சோற்றுப் பாத்திரத்தைத் தொட்டி அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். போன வாரம், அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு லேசாகச் சொட்டியதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பானரை எடுத்து அவளே இறுக்கிவிட்டாள்.

அன்று காலை பத்து மணிக்கு மீட்டர் முள் இறங்கத் தொடங்கியது. நானூறு, முந்நூற்றெண்பது, முந்நூற்றைம்பது. மோட்டார் பம்பைப் பழுதுபார்க்கக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டாவது மீட்டரும் அதோடு பட்டறைக்குப் போயிருந்தது. அவள் பட்டறையிலிருந்த ஃபிட்டர் அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, அழுத்தம் எறங்குது. மீட்டருக்குப் பின்னால தண்ணி சொட்டுது. சீக்கிரம் வாங்க."

"ஒரு மணி நேரம் ஆகும்மா. அதுவரைக்கும் கைப்பம்ப அடிச்சுப் புடிச்சு வை."

அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் முள் கொஞ்சம் ஏறியது, உடனே படுத்துக்கொண்டது. தோள் கழன்றுவிடும்போல இருந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடியில் ஒட்டியது. போகப்போகப் பம்பு கனத்தது. தன் கைதான் ஓய்ந்துவிட்டது என்று நினைத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள்.

நடுவில் ஒருமுறை கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். மாப்பிள்ளை தொட்டியின் அடியில் விறைத்துக் கிடந்து நடுங்கியது. வாய் திறந்து திறந்து மூடியது.

"போயிடாதடா. இந்தத் தடவை நான் எங்கயும் போகல, இங்கேயேதான் இருக்கேன்" என்றாள். அழுதுகொண்டே அடித்தாள்.

ஃபிட்டர் அண்ணன் இரண்டாவது மீட்டரோடு மூச்சிரைக்க வந்து, அதைத் தொட்டியின் வேறொரு குழாயில் பூட்டித் திறந்தார். முள் ஒரே பாய்ச்சலில் அறுநூற்று நாற்பதில் போய் நின்றது.

அவர் பழைய மீட்டரின் குழாயைக் கழற்றினார். உப்புப் படிந்து பாதி அடைத்திருந்தது, மூட்டில் கசிந்திருந்தது. கசிந்தது மீட்டர் குழாய்தான்; அதனால்தான் முள் குறைத்துக் காட்டியிருக்கிறது. தொட்டியில் ஒரு குறையும் இல்லை.

"தங்கச்சி, அடிக்கிறத நிறுத்தும்மா."

அப்போதுதான் தன் கை இன்னும் பம்பை அடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அழுத்தத்தை இறக்க வேண்டும். மூன்று வருஷமாக எது நடந்துவிடக் கூடாது என்று பயந்தாளோ, அதை இப்போது அவளே செய்ய வேண்டும். வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்தாள். நானூறுக்கு வர நாற்பது நிமிஷம் ஆனது. மாப்பிள்ளையின் நடுக்கம் ஐந்நூறிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு வாய் அசையவில்லை.

ஃபிட்டர் அண்ணன் அவள் உள்ளங்கையில் துணியைச் சுற்றிவிட்டார். "நீ என்னம்மா செய்வ? முள்ளு சொன்னதத்தானே செஞ்ச."

அவள் கண்ணாடித் துளையை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

"நடுங்குச்சுண்ணே. செத்ததுல ஒண்ணுகூட அப்படி நடுங்கல, தொவண்டுதான் போச்சு. இது வேற மாதிரி இருக்கேன்னு எனக்குத் தோணிச்சு. தோணியும் அடிச்சேன்."

புது மீட்டரில் முள் அசையாமல் நானூறில் நின்றது.