விழுந்தவனைத் தூக்கிய கை

என் சித்தி மகன் ஜெர்சன் பொய் சொல்லுவான் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒரு காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னோம். பெங்களூரில் கிடாரும் டிரம்ஸும் இடியாக இடிக்கிற மெட்டல் கச்சேரிக்குப் போவதற்காக, "இசை விழாவுக்குப் போறோம் பெரியப்பா" என்று என் அப்பாவிடம் சொன்னவன் அவன்தான். அப்பா எபனேசர், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இசை விழா என்றால் அவருக்குக் கோயில் பாடகர் குழுவின் கொயர் பாட்டு மட்டும்தான். "ஆல்டோ பாடுதவங்களைக் கவனிச்சுக் கேளு" என்று, கொயரில் பெண்களின் தாழ்ந்த குரல் பாடுகிற எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினார். நாங்கள் திருத்தவில்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கன்டெய்னர் எண்களைத் தட்டுகிற வேலை. காதில் மெட்டல் ஓடினால்தான் எனக்குக் கை ஓடும். பக்கத்து சீட் ஷெர்லி அக்கா ஒருநாள் என் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏளா, இது என்ன, மாவு மில்லா?" என்று கேட்டாள். மாவு மில்தான் அக்கா, அரைபடுவது நான், என்றேன்.

என்னைத் தனியாக பெங்களூருக்கு அனுப்ப மாட்டார்கள். ஜெர்சன் என்னைவிட மூன்று வயது சின்னவன், மூக்கில் நிற்காத கண்ணாடி, ஒல்லிக்குச்சி. ஆனாலும் "தம்பி கூட வாரான்" என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் கேள்வி கிடையாது. அவனும் மெட்டலைப் பைத்தியமாகத்தான் கேட்டான். எனக்குத் தெரியாத பாட்டுகளையெல்லாம் தேடிப் பிடித்து அனுப்புவான். அதை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானம். முந்தின நாள் மழை பெய்து சேறாகிக் கிடந்தது. வாசலில் பையைச் சோதித்த செக்யூரிட்டி, நான் கொண்டு போயிருந்த தூத்துக்குடி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார், ஒன்றை வாயில் போட்டார், இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகச் சொன்னார். முதல் பாட்டின் முதல் அடி விழுந்ததும் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அதுவரை ஹெட்போனில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. பாடுகிறவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். நான் கத்தினேன். மூன்று வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் பழகிய தொண்டை, சும்மாவா? முன்னால் நின்ற தாடிக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

மேடைக்கு முன்னால் கூட்டம் விலகி நடுவில் ஒரு வட்டம் விடும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அதற்குள் ஓடி ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அடிதடி மாதிரி இருக்கும். ஆனால் அந்த வட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாராவது விழுந்தால் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஜெர்சன் வட்டத்துக்குள் ஓடினான். இரண்டே சுற்று. சேற்றில் கால் வழுக்கி, முகம் குப்புற விழுந்தான். நான் அலறினேன், என் அலறல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் நாலைந்து பேர் கைகோத்து அவனைச் சுற்றிச் சுவராக நின்றுவிட்டார்கள். ஒரு பெரிய உருவம் குனிந்து அவனை அக்குளில் பிடித்துத் தூக்கியது. அந்த உருவம் சொன்னதுதான் ஆச்சரியம்.

"ஏலே, எந்திலே! ஒண்ணுமில்லலே, எந்தி!"

அத்தனை கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் எங்கள் ஊர்ப் பேச்சு. அவன்தான் டெரன்ஸ். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நான் எண் தட்டுகிற கன்டெய்னர்களைத் தூக்கி வைப்பவன் அவன்தான் என்பது பிறகு தெரிந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்தான். என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி ஜெர்சனின் முகத்தைக் கழுவிவிட்டான். விலா எலும்பைத் தொட்டுப் பார்த்து, "மூச்சு இழு, வலிக்கா?" என்று கேட்டான். கொஞ்ச தூரத்தில் ஒரு மொட்டைத்தலைக்காரர் ஜெர்சனின் கண்ணாடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, யாருடையது என்று எல்லாப் பக்கமும் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

அதன்பிறகு ஐந்து வருடம், பெங்களூர், சென்னை, எந்தக் கச்சேரியானாலும் நாங்கள் மூன்று பேரும்தான். டெரன்ஸ் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற "ஏளா"தான் எப்போதும். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும், "ஏளா, உன் சத்தம் மேடை வரைக்கும் கேட்டுச்சு" என்பான். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு நிகரானது எதுவும் இல்லை.

இரண்டு வருடம் முன்னால் ஜெர்சனின் வேலை போனது. வீட்டில் கிடந்தவன் ஜெபக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், கொயரில் ஆல்டோ பாடுகிறவள்தான். கச்சேரிக்கு வருவதை நிறுத்தினான், சரி. சாட்சி சொல்லத் தொடங்கினான், அதுவும் சரி. எங்கள் பக்கத்தில் தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததைச் சபைக்கு முன் நின்று சொல்வது ஒரு பெருமை. நன்றாகப் பேசுகிறான் என்று பெயர் வந்தது. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் வாலிபர் ஞாயிறுக்கு அவனையே பேசக் கூப்பிட்டபோது எனக்கு போன் செய்தான்.

"அக்கா, அந்த பெங்களூர்ல விழுந்தத சொல்லப் போறேன்."

"சொல்லுலே! அது அப்படியே நல்ல சமாரியன் கதைலா. முன்னப்பின்ன தெரியாதவன் வந்து தூக்குனான். நம்ம ஆட்களுக்கு இது தெரியட்டும்."

"ம். அதத்தான் சொல்லுதேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு வருடமாக அப்பாவிடம் மறைத்தது அன்றைக்கு அழகாக வெளியே வரும் என்று நினைத்தேன். டெரன்ஸ் செய்தது ஒரு கோயிலில், ஊரறிய, அவன் செய்ததாகவே சொல்லப்படும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆராதனையை நேரலையில் போடுவார்கள். ஞாயிறு காலையில் அந்த இணைப்பை டெரன்ஸுக்கு அனுப்பி, "நம்ம ஜெர்சன் உன்னப் பத்திப் பேசுதான், கட்டாயம் பாரு" என்று எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கோயில் நிறைந்திருந்தது. பின்புறம், சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அசனச் சாப்பாட்டுக்குக் கறி கொதிக்கிற வாசனை உள்ளே வரை வந்தது. அப்பா ஆண்கள் பக்கம் இரண்டாம் வரிசை. நான் கொயரில். ஜெர்சன் வெள்ளைச் சட்டையில் மைக் முன்னால் வந்து நின்றான்.

"பிரியமானவர்களே, நான் சாத்தானின் கூடாரத்துக்குள் போனவன். அங்கே பாடுவது பாட்டு அல்ல, ஓலம். வட்டம் கட்டி மனுஷனை மனுஷன் மிதிக்கிற இடம். நான் கீழே விழுந்தேன். மிதித்தார்கள். என் விலா எலும்பு முறிந்தது. ஒருவராவது கை நீட்டினார்களா? இல்லை!"

நான் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"கை முழுக்க அந்தகாரத்தின் அடையாளங்களைக் குத்தியிருந்த ஒருவன், என் மேல் குனிந்து சிரித்தான். என் கண்ணாடி நொறுங்கியது. அப்போது நான் கர்த்தாவே என்று கூப்பிட்டேன். காணாத ஒரு கரம் என்னைத் தூக்கியது!"

டெரன்ஸின் கையில் குத்தியிருந்தது தூத்துக்குடிப் பனிமய மாதா படம். மாதா, மாதாவின் கையில் குழந்தை, சுற்றிலும் ரோஜாப்பூ. அதை ஜெர்சன் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தானும் ஒன்று குத்திக்கொள்ளலாமா என்று கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். நொறுங்கிய கண்ணாடியும் அன்றைக்கு அவன் மூக்கில்தான் இருந்தது. அதே பிரேம். பேச்சுக்கு நடுவே அதை மேலே தள்ளிவிட்டுக்கொண்டே பேசினான்.

போதகர் ஐயா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். முன்வரிசையில் ஜெயபாய் டீச்சர் அழுதார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஜெர்சன் கொயர் பக்கம் திரும்பினான்.

"இதற்குச் சாட்சி இங்கேயே இருக்கிறார்கள். என்னோடு அந்த இடத்தில் இருந்த என் அக்கா. ஜெஸ்மி அக்கா, எழும்புங்க."

அப்பா திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கொயர் விழா என்ன ஆயிற்று என்று கணக்குப் போடுகிற முகம். நான் எழுந்தேன். முழங்கால் தானாக எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இல்லை. தூக்கினவன் பெயர் டெரன்ஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இவ்வளவுதான். வாயைத் திறந்துவிட்டேன், முதல் எழுத்து நாக்கு நுனியில் நின்றது.

"நான் சொன்னது உண்மைதானே அக்கா? சபையே, எல்லாரும் சேர்ந்து, உரத்த சத்தமாச் சொல்லுங்க, ஆமென்!"

மைக்கை என் பக்கம் நீட்டினான்.

"ஆமென்!"

சொன்னது நான். சபையோடு சேர்ந்து, சபையைவிடச் சத்தமாக. மூன்று வயதிலிருந்து, ஆமென் சொல்லுங்கள் என்றால் சொல்லிப் பழகிய வாய். மைக்கை நீட்டினால் திருப்பிக் கத்திப் பழகிய தொண்டை. மனசு குறுக்கே வருவதற்குள் இரண்டும் வேலையை முடித்துவிட்டன. ஜெர்சன் அல்லேலூயா என்றான். நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஈவாஞ்சலின் என் கையை அன்பாகத் தட்டிக்கொடுத்தாள்.

அசனப் பந்திக்கு முன்னால், கை கழுவுகிற குழாயடியில் அவனைப் பிடித்தேன்.

"ஏலே, உனக்கு வெக்கமா இல்ல? உன்னைத் தூக்குனது டெரன்ஸ்லே!"

"அக்கா, மெதுவா. நான் பேரு ஒண்ணும் சொல்லலையே."

"அவன் கையில இருந்தது மாதாலே. தெரியாதா உனக்கு?"

"தெரியும்." குழாயை மூடினான். மைக்கில் காட்டிய வாங்க போங்க மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது. "தெரியாத ஒருத்தன் வந்து தூக்கினான், தண்ணி கொடுத்தான்னு சொன்னா அதுல என்னக்கா சாட்சி இருக்கு? ரெண்டு இடத்துல அப்படித்தான் சொன்னேன். ஒருத்தரும் அழல."

"அதுக்காகப் பொய் சொல்லுவியா?"

அவன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தான், போட்டுக்கொண்டான், என்னை நேராகப் பார்த்தான்.

"பொய்னா நீ எதுக்குக்கா ஆமென் சொன்ன?"

ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். என்ன சொல்லிவிட்டு அறைவது? பந்தியில் இடம் போட்டிருக்கிறது வாருங்கள் என்று யாரோ அவனைத் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்கள்.

நான் சாப்பிடவில்லை. வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தேன். டெரன்ஸிடமிருந்து ஒரு செய்தி. கடைசி வரை பார்த்திருக்கிறான்.

"உன் சத்தம் நல்லாக் கேட்டுச்சு, ஜெஸ்மி."

அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு கூப்பிட்டேன். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும். கிரேன் மேலே இருக்கும்போது அவன் போனை எடுக்க மாட்டான். ஆனால் அன்றைக்கு அவனுக்கு விடுமுறை.